ஒல்லாந்த மசாலா பிஸ்கட்டின் மாத்தளை மூலம்: ஓர் ஆய்வு

ஸ்பெகுலாஸ் எனும் ஒல்லாந்த மசாலா பிஸ்கட்டை மாத்தளை வீட்டு அடுக்களையில் சுடுவது பற்றியது இவ்வாய்வு. ஒல்லாந்தில் டிசம்பர் 5ஆம் திகதி இரவு, புனித நிக்கலஸ் திருநாளையொட்டி இதைக் கடிக்கிறார்கள். மாத்தளையில் இதற்கென்று நாள் இல்லை. மின்சாரம் நிற்காத நாள் எதுவும் தகும்.

முதலில் மூலப்பொருள் ஆய்வு. கறுவா, கராம்பு, சாதிக்காய், வசவாசி, வேர்க்கொம்பு, வெள்ளை மிளகு, ஏலம் என ஏழு சரக்கு இதில் சேரும். ஏலத்துக்கு நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏற வேண்டும். மற்றவற்றை இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலேயே பறிக்கலாம். ஒல்லாந்து மண்ணில் இந்த ஏழில் ஒன்றுகூட விளையாது. மரம் இங்கே, பிஸ்கட் அங்கே என்றால் இடையில் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

நடந்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி. 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக விரட்டி, 1796வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், கண்டி இராச்சியத்தில் இருந்த மாத்தளையை ஒருநாளும் ஆளவில்லை. 1765இல் ஆளுநர் வான் எக் படையோடு கண்டி நகருக்குள் நுழைந்தார். படையால் அங்கே நிலைக்க முடியவில்லை. அவரும் அதே ஆண்டில் இறந்தார். கண்டி மன்னரின் காடுகளில் கறுவா உரிக்க அவர் தயவை எதிர்பார்த்திருந்த கும்பனி, கடைசியில் கொழும்பு மருதானையில் தானே தோட்டம் போட்டது. சாதிக்காய்க்காக 1621இல் பண்டாத் தீவுகளில் அது நடத்திய படுகொலையைப் பற்றிப் பகிடி பண்ண இந்த ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

சரி, கொண்டுபோனவர்கள் பதிலுக்கு எதை விட்டுப்போனார்கள்? சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் ஒல்லாந்தர் வழி வந்தது என்பார்கள். அதில் இருப்பவை அரிசி மா, தேங்காய்ப் பால், உப்பு, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள். கறுவா இல்லை, கராம்பு இல்லை. ஆகவே சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அச்சை மட்டும் நம்மிடம் விட்டுப்போயிருக்கிறார்கள். இதுவே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. மறுப்பவர்கள் ஒரு கொக்கிஸை முகர்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

இனிச் செய்முறை. கோதுமை மா 250 கிராம், பட்டர் 125, சிவப்புச் சீனி 125, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு தேக்கரண்டி சரக்குத் தூள், பிசைய இரண்டு மேசைக்கரண்டி பால். தூளில் பாதி கறுவாவாக இருக்கட்டும். சாதிக்காயை முழுதாக வாங்கி அப்போதே சீவ வேண்டும். கண்டி வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் வாங்க வேண்டாம். அங்கே விலை, வாங்குபவரின் காற்சட்டை நீளத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. பட்டணச் சந்தையில் அதே காய், அதே மணம்.

பிசைந்த மாவை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சரக்கின் மணம் மாவில் ஊற நேரம் வேண்டும். அவசரப்பட்டவன் சுட்டது வெறும் சீனிப் பிஸ்கட். சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போடலாமா என்பதில் அடுக்களைகள் இரண்டுபட்டு நிற்கின்றன. போட்டால் பிஸ்கட் சற்று இளகும், ஆனால் மணம் தூக்கும். நான் போடும் கட்சி.

ஒல்லாந்தர் மரத்தில் செதுக்கிய அச்சில் ஆயர் நிக்கலஸின் உருவமும் காற்றாலையும் பதிப்பார்கள். நம்மிடம் கொழுக்கட்டை அச்சு இருக்கிறது. உள்ளே அரிசி மா தூவி, மாவை மெல்லிசாக அழுத்தி, தட்டி எடுங்கள். 175 பாகை செல்சியஸில் 15 நிமிடம் போதும். போறணையிலிருந்து எடுத்ததும் மெதுவாகத்தான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் மொறுமொறுக்கும்.

பிளேன்டியில் தோய்த்துச் சாப்பிடலாமா என்ற கேள்வி மிச்சம். தோய்க்கலாம். தடுக்கும் ஆதாரம் எதுவும் இவ்வாய்வில் கிடைக்கவில்லை.