நண்டு ரசமும் மூக்கடைப்பு நீக்கமும்: காசிமேடு முதல் எண்ணூர் வரை ஓர் உறிஞ்சியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சளிக்கு மருந்து தேடி 1946இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் தனி ஆய்வு நிலையமே திறந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல், வலிய வந்த ஆட்களுக்குச் சளி பிடிக்கவைத்துப் பார்த்தார்கள். மருந்து சிக்கவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள். சால்ஸ்பரியிலிருந்து ஒருவர்கூடக் காசிமேட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

2. தொன்மை

சங்க காலத்தில் தொடங்காத ஆய்வுக்குப் பட்டம் கிடைக்காது. நெய்தல் பாட்டில் நண்டு ஓடுகிறது. அகநானூற்றில் யவனர் கப்பல் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போகிறது. நண்டும் இருந்தது, மிளகும் இருந்தது. ஆகவே ரசமும் இருந்தது. நடுவில் சட்டி இருந்ததா என்று கேட்பவர் தமிழ்ப் பகைவர். யவனருக்கு மிளகு எதற்கு? கடல்காற்று, சளி (காண்க: எதிர்வீட்டு ஆயா, வாய்மொழி).

3. வகைப்பாடு

நீலக்கால் நண்டு: குழம்புக்கு.

முக்கண் நண்டு: விலை குறைவு, ஆகவே மருத்துவ குணம் அதிகம்.

சிலுவை நண்டு: எல்லா மதத்தார் சளிக்கும் உகந்தது.

சேற்று நண்டு: பெருத்தது ஏற்றுமதிக்கு, சிறுத்தது சளிக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. சளிக்கு அந்தத் தடை கிடையாது.

4. கால் நசுக்குதல்

இத்துறையின் மையச் சிக்கல் இதுவே. அம்மிக் கட்சியார் காலை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே தட்டு தட்டுவர். ஓடு விரிய வேண்டும், தூளாகக் கூடாது. தூளானால் ஓட்டுச் சில்லு தொண்டையில் சிக்கி, இருமலுக்கு வைத்த ரசத்திலேயே புது இருமல் பிறக்கும்.

மிக்சிக் கட்சியார் ஒரு சுற்று விட்டு வடிகட்டுவர். “இது இன்னா மருந்தா, ஜூஸா?” என்பது அம்மிக் கட்சியின் கண்டனம் (காண்க: அதே ஆயா, திண்ணைப் பதிப்பு). “உங்க அம்மிய கொத்தி எத்தினி வருசம் ஆச்சு?” என்பது மறுப்புரை (காண்க: ஆயாவின் மருமகள், சமையலறைப் பதிப்பு, கதவு சாத்திய நிலையில் கேட்டெழுதியது). இஞ்சி இடிக்கும் உரலே போதுமே என்று இடையில் புகுந்த சமரசக் கட்சியை இரு தரப்பும் சேர்ந்து விரட்டின (காண்க: ஆயாவும் மருமகளும், ‘குழாயடிச் சொற்பொழிவுகள்’, தொகுதி இரண்டு, தண்ணி லாரி வந்துவிட்டதால் தொகுதி ஒன்று முற்றுப்பெறவில்லை).

மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, நுரை கட்டியதும் இறக்கிக் கொத்தமல்லி தூவ வேண்டும் என்பதில் எல்லாக் கட்சியும் ஒன்று. கருத்து வேறுபாடு இல்லாததால் இது ஆய்வுக்கு உதவாது.

5. அயல்நாட்டு ஒப்பீடு

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக நுரையீரல் மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்டு, தம் மனைவியின் பாட்டி கைப்பக்குவத்தில் கோழி சூப் வைத்தார். வெள்ளையணுக்களின் ஓட்டத்தை அது தணிக்கிறது என்று சோதனைக் குழாயில் கண்டு, 2000இல் ‘செஸ்ட்’ இதழில் எழுதினார். இந்த மேற்கோள் மெய். அந்தப் பாட்டிக்கு ஒரு பேத்தி மாப்பிள்ளை வாய்த்தார். நம் ஆயாவுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

6. வரம்புகள்

ஆவி மூக்கைத் திறக்கும், மிளகு ஒழுகவைக்கும். சளியோ தன் ஒரு வாரத்தை முடித்துக்கொண்டுதான் கிளம்பும். அனல்மின் நிலையச் சாம்பலிலும் மணலி ஆலைப் புகையிலும் வரும் இருமல் வேறு சாதி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி ஓடிய சனங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள். அந்த இருமலுக்கு எத்தனை கால் நசுக்கியும் பயனில்லை; குழு போட்டு, ‘மேலாய்வு தேவை’ என்று எழுதிவைப்பதே மரபு.

நாமும் மரபை மீறவில்லை. மேலாய்வு தேவை: சின்ன நண்டாக ஒரு கிலோ, கால் உடையாமல்.