டோக்கரெவ் துப்பாக்கியும் ஒரு வாளி வெந்நீரும்

எஸ்விடி-40 என்பது இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை பயன்படுத்திய அரை தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வெடிப்பின் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றி வைக்கும். வடிவமைத்தவர் 1871-இல் பிறந்த ஃபியோதர் டோக்கரெவ். மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில், தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான செர்கேய் சிமோனோவுடன் போட்டியிட்டு ஜெயித்தார். முதல் வடிவம் 1939-இல் படைக்கு ஏற்கப்பட்டது. பின்லாந்துப் போரில் அடிபட்ட பிறகு, எடை குறைத்துத் திருத்திய வடிவம் 1940-இல் வந்தது. துப்பாக்கி புதிது, அதில் போடும் விளிம்பு வைத்த 7.62 மில்லிமீட்டர் தோட்டா மட்டும் 1891-ஆம் ஆண்டுச் சரக்கு.

போரில் இதற்குக் கிடைத்த பெயர் கலவையானது. கடற்படைக் காலாட்கள் இதை நன்றாகவே கையாண்டார்கள். அவசரப் பயிற்சி முடித்து நேராகப் பதுங்குகுழிக்கு வந்த கிராமத்து இளைஞனுக்கு இது ஒத்துவரவில்லை. தலைத்தீபாவளி மாப்பிள்ளையைப் போல இதற்கு வேளாவேளைக்குக் கவனிப்பு வேண்டும்: துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி வாயுவின் அளவைத் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே எதையும் எதிர்பார்க்காத பழைய மோசின் துப்பாக்கிக்கே ராணுவம் திரும்பியது. எஸ்விடி சுமார் 16 லட்சம் செய்யப்பட்டு, 1945 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கைப்பற்றிய ஜெர்மானியர்களுக்கோ இது மிகவும் பிடித்துப்போய், இதன் வாயு அமைப்பைத் தங்கள் கெவேர் 43 துப்பாக்கியில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தரச்சான்று எதிரியிடமிருந்து வந்ததால், அதைப் படைவீரர்களிடம் காட்டிப் பெருமைப்பட வழியில்லாமல் போயிற்று.

போர் முடிந்ததும் மிஞ்சியவற்றைப் பழுதுபார்த்து, கிரீஸில் முக்கி, கிடங்கில் அடுக்கினார்கள். பல பத்தாண்டு கழித்து அவை வெளியே வந்தபோது கனடாவில் சில நூறு டாலருக்கு ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் கிடைப்பவற்றில் பல பின்லாந்து வீரர்கள் கைப்பற்றியவை, கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்ற பின்லாந்துப் படை முத்திரை இருக்கும், விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். 309 எதிரிகளை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள லுத்மிலா பாவ்லிசென்கோ இதே துப்பாக்கியுடன் படத்துக்கு நின்றவர். அதனால் சாதாரணத் துப்பாக்கியில் புதுத் தொலைநோக்கியை மாட்டி, ‘குறிசுடுநர் வைத்திருந்தது’ என்று விற்போருக்கும் பஞ்சமில்லை.

வாங்குபவர் முதலில் பார்ப்பது எண்களை. குழல், போல்ட், மேகஸின் எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் மகிழ்ச்சி. அந்த எண்களில் சில, சோவியத் பழுதுபார்ப்பாளர் கைக்குக் கிடைத்த உறுப்பை எடுத்துப் பொருத்தி, மின்பேனாவால் கிறுக்கியவை என்று பிறகு தெரியவரும். அதிகாரபூர்வமாகச் செய்த பொய் என்பதால் சேகரிப்பாளர்கள் அதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கனடாச் சட்டப்படி இவ்வகைத் துப்பாக்கியில் ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. ஆகவே பத்துக் கொள்ளும் மேகஸினில் ஒரு ஆணி அறைந்து பாதியை அடைத்துவிடுவார்கள். சோவியத் கிளிப்பில் இருப்பதும் ஐந்தே தோட்டா என்பதால், ஒரு கிளிப்பை மேலிருந்து அழுத்தினால் கணக்கு நேராகிவிடும். ஒட்டாவாவும் மாஸ்கோவும் கலந்து பேசாமலே ஒத்துப்போன இடம் இது. கனடாவில் 2020 மே மாதம் தொடங்கிய தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போவதால், அங்கே பர்ஸைத் திறக்குமுன் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது கிரீஸ். இரும்பில் இருப்பதைத் துடைத்துவிடலாம். மரத்தில் ஊறியது அப்படிப் போகாது. எவ்வளவு துடைத்தாலும், சுட்டுச் சூடேறும்போது கட்டையிலிருந்து கசிந்து சட்டைக்கு வந்து சேரும்.

தோட்டாக்கள் 440 கொண்ட தகர டின்னில் வரும். அதைத் திறக்கத் தனிக் கத்தி உண்டு. பெட்டிக்கு ஒன்றுதான் வைப்பார்கள் என்பதால் பலர் உளியும் சுத்தியலும் எடுப்பார்கள். தோட்டாவை மேகஸினில் அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மாறி அமர்ந்தால் இரண்டும் கோத்துக்கொண்டு நகராது. சில சுடுதளங்களில் இரும்பு உள்ள குண்டுக்கு அனுமதி இல்லை; வாசலிலேயே காந்தம் வைத்துச் சோதிப்பார்கள். இந்தக் குண்டுகளின் செம்புப் பூச்சுக்கு அடியில் இரும்பு உறை இருப்பதால், ஒட்டிக்கொள்ளும். வந்தவர் டின்னுடன் வீடு திரும்புவார்.

உள்ளே விட்டால், வாயு ரெகுலேட்டரைச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிலைகள்: 1.1, 1.2, 1.3, 1.5, 1.7. அதன் தலையும் ஐங்கோணம். உலகத்து ஸ்பானர்கள் எல்லாம் அறுகோணத்தையே நம்பியிருக்க, டோக்கரெவ் மட்டும் ஐந்தில் நின்றார். குறைந்த எண்ணில் தொடங்குவதே முறை. வெற்றுக்கூடு வெளியே விழாவிட்டால் மட்டும் ஒரு படி ஏற்றலாம். எடுத்த எடுப்பில் பெரிய எண்ணுக்குப் போனால் கட்டை பிளக்கவும் உறுப்புகள் உடையவும் கூடும். உடைந்ததற்கு மாற்று தேட எண்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

சுடுபவருக்கு உதை அவ்வளவு இல்லை. குழல் முனையில் உள்ள பிளவுகள் வெடிப்பின் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன. அந்தப் பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் அது முழுதாகப் போய்ச் சேரும். நல்ல கூட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமையிலும் எஸ்விடி வைத்திருப்பவரின் இருபுறமும் இடம் காலியாகவே கிடக்கும்.

சுட்டது போக மீதிப் பொழுது கழுவுவதற்கு. பழைய சோவியத் தோட்டாவின் பற்றவைப்பில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்து குழலில் உப்பாகப் படியும்; உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மறுநாளே துருவேறும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பீய்ச்சினால் அதிலுள்ள அம்மோனியா உப்பை முறித்துவிடும் என்று அமெரிக்கச் சுடுவோரிடையே நெடுநாள் நம்பிக்கை இருக்கிறது. அதில் வேலை செய்வது தண்ணீர் மட்டுமே. நீல நிறத்துக்குத்தான் காசு. வெந்நீரைக் குழலில் ஊற்றிவிடுவது எளிது. பிஸ்டன், அதன் தொப்பி, தள்ளுகோல், ரெகுலேட்டர், முனைப் பிளவுகள் என்று உப்பு புகுந்த இடமெல்லாம் கழற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவதற்குள் மாலையாகிவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு இழுத்துப் பார்ப்பது வழக்கம். துணி செம்மண் நிறத்தில் வந்தால் வெந்நீரை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான்.