ஸ்வெட்டர் போடாத இரட்டையர்

கேள்வி: டிசம்பர் மழையில் வீடே சில்லென்று கிடக்கிறது. இரண்டு வயது இரட்டையர், ஸ்வெட்டர் போட்ட மறுநிமிடம் கழற்றி எறிகிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, கம்போங் மேடான்

பதில்: பிள்ளைகள் சொல்வதுதான் சரி, அம்மா! வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீளலாம். ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இதைக் குளிர் என்றால் கேமரன் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். பருத்திச் சட்டை போதும்.

உங்கள் உண்மையான எதிரி, அடுக்குமாடி பால்கனியில் மூன்று நாளாகக் காயாமல் தொங்கும் துணி. மூத்தவன் நனைத்த சிலுவாரை மாற்றி நிமிர்வதற்குள் இளையவன் மைலோவைக் கவிழ்த்திருப்பான். மின்விசிறியைக் கொடிப்பக்கம் திருப்புங்கள். ஸ்வெட்டரா? கணவருக்குக் கொடுங்கள், ஏர்கோனை 18-இல் வைப்பவர் அவர்தானே!