தகரத்திலை வரி கீறினது ஆர்?

என்ன மோனை, விடியக்காலமை போனைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டில் தகரத்தைப் படம் எடுக்கிறாய்? தகரம் முழுக்கப் பனியிலை நனைஞ்சு கிடக்க, நடுவிலை நாலு வரி மட்டும் காய்ஞ்சிருக்கெண்டோ? பேய் கீறினதெண்டு முகநூலிலை போட்டுடாதை. நெடுந்தீவுப் பேயளுக்கு வேறை வேலை இருக்கு.

குனிஞ்சு உள்ளை பார். காய்ஞ்ச வரிக்கு நேர் கீழை சிலாகை ஓடுது. தகரம் மெல்லிசு. இரவு முழுக்க வானத்தைப் பாத்துக்கொண்டு கிடந்து, இருந்த சூட்டையெல்லாம் மேலை விட்டுப்போட்டுக் காத்தை விடக் குளிர்ந்துபோம். காத்திலை இருக்கிற ஈரம் அதிலை வந்து குந்தும். சிலாகை மரமோ பகல் வாங்கின சூட்டைக் கஞ்சனைப் போல மெல்ல மெல்லத்தான் விடும். அதுக்கு மேலை ஈரம் குந்தாது. குந்தினாலும் முதல் காயிறது அந்த இடந்தான். முகில் மூடின இரவிலையும், கடல்காத்து வீசுற இரவிலையும் உந்தப் படமெல்லாம் வராது.

பனி கொட்டுதெண்டு துவாயைத் தலையிலை சுத்துறம். மேலையிருந்து கொட்டிறதெண்டால் கல்வேலி ஓரத்துப் புல்லு மட்டும் என்ன பாவம் செய்தது? வேலி பாதி வானத்தை மறைக்குது, பகல் வெயிலிலை சுட்ட கல்லும் பக்கத்திலை இருக்கு. அதாலை அங்கை பனி குறைவு. வெல்ஸ் எண்ட லண்டன் டொக்டர் பலகைக்கு மேலையும் கீழையும் ஆட்டுமயிரை வைச்சு, இரவு கழிய நிறுத்துப் பாத்து, வானம் தெரிஞ்சதுதான் கூட நனைஞ்சதெண்டு 1814இலை புத்தகம் போட்டார். எங்கடை ஆச்சிமாரும் பொழுதுபட்டால் ஒடியல் பாயைத் தாழ்வாரத்துக்கை இழுத்தவைதான். புத்தகம் போடேல்லை, அவ்வளவுதான்.

நுவரெலியாவிலை தை மாசம் இதே ஈரம் வெள்ளையா உறைஞ்சு படியும். உன்ரை கனடாவைக் கேக்கவே வேண்டாம். அங்கை போய் உன்ரை கூரையைப் பார். அயலட்டைக் கூரையெல்லாம் வெள்ளையா நிக்க, உன்ரையிலை மட்டும் திட்டுத்திட்டாக் கரைஞ்சிருந்தால், காசு கட்டி மூட்டின சூடு முகட்டாலை ஓடுது. ஊருக்கே குளிர் காய நெருப்பு மூட்டின வள்ளலெண்டு கோயில் சுவரிலை உன்ரை பேரைப் பொறிக்கச் சொல்லுறன். காரையும் வீட்டுச் சுவரோடை அண்டி விடு. அந்தப் பக்கக் கண்ணாடியிலை சுரண்டுற வேலை குறையும்.

இண்டைக்கு இரவு நட்சத்திரம் பாக்க முத்தத்திலை படுக்கப்போறியாம். கட்டிலை வேம்புக்குக் கீழை இழு, நனையமாட்டாய். காகம் எச்சம் போட்டால் மட்டும் என்னட்டை விளக்கம் கேட்டு வராதை.