வர்ணத்துக்குக் கீழே

கேள்வி: புதிது என்று வாங்கிய டிராக்டர் டிரெய்லர், பழைய இரும்புக்கு வர்ணம் பூசியதாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ஏஜென்சிக்காரர் ரசீதைக் காட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ரசீதின் அடியில் அச்சடித்த வாசகம் சட்டத்தை மிஞ்சிய சாஸனம் அன்று. பழையதைப் புதியதென்று கூறி விற்பதை, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்றே வகுத்திருக்கிறது. மனக்கொதிப்பில் வண்டியை வெல்டிங் பட்டறைக்கு இழுத்துச் சென்றுவிடாதீர்கள். அந்தத் துருவே தங்கள் பிரதான சாட்சி! அதைப் படமெடுத்து வைத்து, எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் அவர் மௌனம் சாதித்தால், சொந்த ஜீவனத்துக்காக வாங்கியவர் என்ற முறையில், கடை எவ்வூரில் இருப்பினும் தாங்கள் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் கிடையாது.