மாத்திரை மாப்பிள்ளைக்கு மாமன் சொல்லும் புத்தி

வா மாப்ளே, உக்காரு. மந்தாரக்குப்பத்துல ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா வாங்கிட்டு வந்தியாமே? பலே! ஒரு கையில மாத்திரை, மறு கையில சிகரெட்டு. வரவும் செலவும் நேராயிடும்னு கணக்குப் போடுற. பத்தாவதுலயே உன் கணக்கு என்னன்னு ஊருக்குத் தெரியும்.

நம்ம நெய்வேலிக் கரி இருக்கே, வெட்டிக் குவிச்சு வெச்சா, யாரும் தீக்குச்சி உரசாமலே புகையும். காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் உள்ள பூந்து மெள்ளச் சூடேத்துற வேலை அது. உன் உடம்புலயும் அதே ஆக்ஸிஜன்தான். சும்மா மூச்சு விட்டாலே சூப்பராக்ஸைடு, பெராக்ஸைடுன்னு முரட்டுச் சரக்கு கொஞ்சம் ஊறும். அதை அடக்க செல்லுக்குள்ள நொதிங்க உண்டு. நீ சிகரெட்டுப் புகையையும் சேத்துத் தள்ளினா அதுங்க என்னா பண்ணும்? சமாளிக்க முடியாம திணறும். அதுக்குத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னு பேரு.

அந்த முரட்டுச் சரக்கால டிஎன்ஏவுல அதிகமா அடி வாங்குற எழுத்து 'ஜி'. அதோட ஜோடி 'சி'. ஆக்ஸிஜன் ஒட்டிக்கிட்ட 'ஜி', செல் பிரியறதுக்கு நகல் எடுக்கறப்ப, 'சி'ய விட்டுட்டு 'ஏ'வோட சேந்துக்கும். அடுத்த நகல்ல அந்த 'ஏ' தன் ஜோடி 'டி'யக் கூட்டியாரும். 'ஜி' இருந்த எடத்துல 'டி'! சில நேரம் நகல் வேலையே பாதியில நின்னுடும். ரொம்ப நேரம் நின்னா இழையே அறுந்துபோகும்.

கெட்டுப்போன 'ஜி'ய வெட்டி எடுக்க ஓஜிஜி1னு ஒரு நொதி இருக்கு. இந்த வகைச் செப்பனிடும் வேலையக் கண்டு சொன்ன தாமஸ் லிண்டாலுக்கு 2015ல நோபல் பரிசு குடுத்தாங்க. ஒரு செல்லுக்கு 600 கோடி ஜோடி எழுத்து. ஏற்கெனவே ஓயாத வேலை. அதுக்கு நீ ஓவர்டைமும் போடுற, பெரிய முதலாளி!

மாத்திரை காப்பாத்தும்ங்கிறியா? பின்லாந்துல 29,133 புகைக்கிற ஆம்பளைங்களச் சோதிச்சு 1994ல முடிவு சொன்னாங்க. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு, சாப்பிடாதவங்களவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அதுவும் ஆன்டி ஆக்ஸிடன்ட்தான் மாப்ளே!

உடனே நம்ம தெர்மல் மின் நிலையப் புகைபோக்கியக் கை காட்டாத. அதையும் கேக்க வேண்டியதுதான். மனு எழுது, மொதக் கையெழுத்து நான் போடுறேன். உன் வாயில புகையிறத அணைக்க எந்த ஆபீசுக்கு மனு வேணும்? அந்த சிகரெட்டுக் காசுல பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு வாங்கிட்டு வா. புத்தி சொன்ன கூலியா பாதி எனக்கு.