அலுவலகக் கயிறிழுப்பும் பணியாளர் நல்லுறவும்: ஓர் ஆய்வு

பணியாளர்களிடையே நல்லுறவு தழைக்க வேண்டும் என்னும் நோக்கில் அலுவலகங்கள் ஆண்டுக்கொரு முறை நடத்தும் விளையாட்டுகளுள், லெமன் அண்ட் ஸ்பூன் தனிமனித சாகசமாகவே முடிந்துவிடுவதாலும், மியூசிக்கல் சேர் அன்றாட அலுவல் நடைமுறையின் ஒத்திகையேயன்றி விளையாட்டாகாது என்பதாலும், அவ்விரண்டையும் விலக்கிவிட்டுக் கயிறு இழுக்கும் போட்டி ஒன்றையே இக்கட்டுரை ஆராய்கிறது. கயிறிழுப்பாவது, நடுவில் சிவப்புத் துணி கட்டிய வடத்தின் இரு முனைகளையும் சம எண்ணிக்கையினர் பற்றிக்கொண்டு, எதிர்த் தரப்பு கோட்டைத் தாண்டி வரும்வரை எதிரெதிர்த் திசையில் இழுப்பது. திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்குக்கும் இவ்விலக்கணம் பொருந்திவருவது தற்செயலே.

சென்னை அலுவலகங்களைப் பொறுத்தவரை இதற்குரிய களம் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியொன்றின் புல்வெளி; காலம், விடுமுறையாக இருந்திருக்க வேண்டிய ஒரு சனிக்கிழமை; பங்கேற்பின் தன்மை, 'கட்டாய விருப்பம்'. வராதவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ஆனால் அப்ரைசல் வேளையில் மறப்பதும் இல்லை என்னும் நிலையையே இச்சொல் குறிக்கும். அணி நிற்கும் வரிசையும் ஆய்வுக்குரியது. புகைப்படக்காரர் முன்பக்கம் நிற்பதால் மேலாளர் முதலிடத்தில் நிற்கிறார். அக்கவுண்ட்ஸ் பிரிவின் கனத்த உடல்வாகுக்காரர், ஆண்டு முழுவதும் எவருடைய பயணப்படியையும் சுலபத்தில் பாஸ் செய்யாதவராயினும், அன்று ஒருநாள் அனைவராலும் 'அண்ணே' என்று அழைக்கப்பெற்று, கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொள்கிறார். இவ்விருவருக்கும் இடைப்பட்டவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள், கழுத்து நரம்பு புடைக்க 'ஐலசா' போடுகிறார்கள். எனினும் அவர்கள் கயிற்றை இழுக்கிறார்களா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்பது எளிதில் தீராத வினா.

இவ்வினாவை அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கெல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1913-இல் வெளியான அவரது ஆய்வின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கையில் காட்டும் வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்படுகிறது. அதாவது எட்டுச் சம்பளத்துக்கு நாலு ஆள் இழுப்பு. ஒரே நேரத்தில் தம் பிடித்து இழுக்காமையே காரணம் என்று ஆட்களின் மானத்தைக் காக்க வழியிருந்தது. ஆனால் 1974-இல் ஆய்வாளர் ஆலன் இங்கமும் உடனிருந்தோரும் ஒருவரைக் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் இருப்பவர்களை இழுப்பதுபோல் பாவனை மட்டும் செய்யவைத்தபோது, துணைக்கு ஆளிருக்கிறது என்ற எண்ணமே அவருடைய கையைத் தளர்த்தியது. பின்னாளில் உளவியலார் இதற்குச் 'சமூகச் சோம்பல்' என்று பெயரிட்டனர். முதலிடத்தில் நிற்கும் மேலாளர் கண்ணைக் கட்டாமலேயே பின்னால் நடப்பதை அறியாதவராதலால், இச்சோதனை அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஒரே தொழிலைச் செய்வோர் சேர்ந்து இழுத்தால் உறவு வலுக்கும் என்பாரும் உளர். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருந்த இவ்விளையாட்டில், 1908-ஆம் ஆண்டு லண்டனில் மூன்று பதக்கங்களையும் பிரிட்டிஷ் காவல்துறை அணிகளே வென்றன என்பது அவர்கள் காட்டும் சான்று. அதே போட்டியில் லிவர்பூல் காவலர்களின் பூட்ஸ் முறையற்றது என்று அமெரிக்க அணி புகார் கூறி விலகிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இனி, இவ்வாய்வின் மையத்துக்கு வரலாம். 1954-இல் முசாபர் ஷெரீப் என்னும் உளவியலார், ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரு அணிகளாகத் தங்கவைத்துப் பேஸ்பாலும் கயிறிழுப்பும் நடத்தினார். விளைந்தது பகை: தோற்ற அணி வென்ற அணியின் கொடியைக் கொளுத்தியது. சமாதானம் செய்யும் பொருட்டு ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபோது தட்டிலிருந்தவை ஒருவர்மேல் ஒருவர் பறந்தன. பஃபே விருந்தால் பிரிவுகளை இணைத்துவிடலாம் என்று நம்பும் மனிதவளத் துறையினர் இவ்விடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். பிறகு சாப்பாடு வாங்கிவர வேண்டிய லாரி கிளம்பாததுபோல் ஏற்பாடு செய்யப்பட்டது. பசித்த சிறுவர்கள் முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இதுபோன்ற பொது நெருக்கடிகள் சில கடந்தபின் பகை தணிந்தது. ஊர் திரும்புகையில் ஒரே பேருந்தில் போகவும் விரும்பினார்கள்.

எனவே உறவு வளர்வதற்குக் கயிறு தேவையே, எதிர்முனை ஆட்கள்தாம் தேவையில்லை என்பது பெறப்படும். இதை நடைமுறைப்படுத்தும் எளிய வழி, விடுதிக்குப் போகும் கம்பெனிப் பேருந்தின் சக்கரத்தை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், கடற்கரை மணலில் புதைப்பது. இத்திட்டத்துக்கு மேலாளரின் ஒப்புதலைப் பெறுவதில் சிரமமிராது. வாடகைப் பேருந்தின் ஓட்டுநரும் தக்க சன்மானத்துக்கு இணங்கக்கூடும். சன்மானத்துக்குரிய வவுச்சரில் 'செலவின் காரணம்' என்ற கட்டத்தில் எதை எழுதினால் அக்கவுண்ட்ஸ் அண்ணன் பாஸ் செய்வார் என்பது மட்டும் தனி ஆய்வுக்குரியது.